களிம்பும் காப்பும்

(எமது சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சமயப் பணி செய்யும் சங்கத்தின் மேடையில் இரசாயனம் பேச வந்திருக்கிறேன். எனக்குத் தரப்பட்ட பொருள், உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள் மின்வாயின் பரப்பில் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பது. பெயரைக் கேட்டால், பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குள் மட்டும் நடக்கிற காரியம் போலத் தோன்றும். உண்மையில் அது நம் வீட்டுச் சுவாமி அறையிலே, குத்துவிளக்கின் எண்ணெய்த் தட்டிலே, கோயிலில் எழுந்தருளியிருக்கும் உற்சவ மூர்த்தியின் திருமேனியிலே நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் சித்தாந்த ஆசிரியர்கள், ஆன்மாவுக்கும் ஆணவ மலத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கச் செம்பையும் களிம்பையும் உவமையாகக் காட்டினார்கள். களிம்பு இடையிலே வந்து ஒட்டியதன்று, செம்போடு கூடவே இருப்பது என்பது அவர்கள் கருத்து. இரசாயனம் படித்த இளைஞர் ஒருவர் இதை மறுத்து, "களிம்பு காற்றிலும் நீரிலும் இருந்து வருவதன்றோ?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் செம்பு மண்ணுக்குள் இருந்தபோது எப்படி இருந்தது? பெரும்பாலும் கந்தகத்தோடும் ஒட்சிசனோடும் கூடிய தாதுவாகத்தான் இருந்தது. உலையிலிட்டு, நெருப்பின் வலிமையால் அதனைப் பிரித்தெடுத்தவன் மனிதன். பிரித்த நாள் முதலாகவே செம்பு தன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கிறது. களிம்பு என்பது அந்தத் திரும்புதலின் அடையாளம். முன்னோரின் உவமை இரசாயனத்துக்கு அவ்வளவு தூரமானதன்று என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

விக்கிரகமும் ஒரு மின்வாயே

மின்வாய் என்றால் என்ன? ஒரு கரைசலுக்குள் மின்னை அனுப்பவோ அதிலிருந்து பெறவோ நாம் வைக்கும் உலோகம் அல்லது காபன் துண்டே மின்வாய். 1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ற்றா, இருவகை உலோகத் தட்டுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த துணியை வைத்து அடுக்கி, அவற்றிலிருந்து மின்னோட்டம் பெற்றுக் காட்டினார். இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்று உண்டு. இருவேறு உலோகமும், இடையிலே உப்பு ஈரமும் இருந்தால் போதும். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மின்கலம் ஒன்று உண்டாகிவிடும்.

இனி ஒரு செப்புத் திருமேனியை எண்ணிப் பாருங்கள். ஐம்பொன் என்று நாம் சொன்னாலும், அதிலே பெரும்பாகம் செம்பு. வெள்ளீயமும் காரீயமும் சிறிதளவில் கலந்திருக்கும். வார்ப்பிலே ஓரிடத்தில் நுண்துளை இருக்கும், ஓரிடத்தில் காரீயம் திரண்டிருக்கும், ஓரிடத்தில் அழுக்குப் படிந்து காற்றுப் புகாமல் இருக்கும். இவ்வாறு ஒரே விக்கிரகத்தின் பரப்பிலே ஒன்றுக்கொன்று வேறுபட்ட எண்ணற்ற இடங்கள் உள்ளன. ஈரம் படிந்ததும், சில இடங்கள் அனோட்டாகவும் சில இடங்கள் கதோட்டாகவும் மாறுகின்றன. அனோட்டிலே செப்பணு தன் இலத்திரனைக் கைவிட்டு, அயனாகி, உலோகத்தைவிட்டு வெளியேறுகிறது. கதோட்டிலே காற்றின் ஒட்சிசன் அந்த இலத்திரனை வாங்கிக்கொள்கிறது. உலோகத்தின் உள்ளே இலத்திரன் ஓட, வெளியே ஈரத்தினூடே அயன்கள் நகர்கின்றன. பூட்டிய சந்நிதிக்குள்ளும் இந்த ஓட்டம் நிற்பதில்லை.

வெள்ளவத்தையில் வசிப்போருக்குக் கடற்காற்றின் வேலையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கத்து வீடுகளின் யன்னற் கம்பிகளே சாட்சி. கொட்டாஞ்சேனையும் துறைமுகத்தை அடுத்தது. கொழும்பின் காற்றிலே ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலேயே நிற்கிறது. அந்த ஈரத்தோடு கடலுப்பின் குளோரைட்டு அயனும் வந்து சேர்கிறது. செம்புக்கு அதனைவிடக் கொடிய பகை இல்லை. குளோரைட்டு செம்போடு கூடி உள்ளே தங்குகிறது; பின்பு ஈரமும் ஒட்சிசனும் படும்போது வெளிர்பச்சைத் தூளாக வெடித்து வெளிவருகிறது. அப்போது உண்டாகும் அமிலம் அடுத்திருக்கும் செம்பைத் தாக்க, மீண்டும் அதே கதை தொடர்கிறது. இதனை நூதனசாலை அறிஞர்கள் "வெண்கல நோய்" என்றே அழைக்கிறார்கள். உறுதியாகவும் கரும்பச்சையாகவும் படிந்திருக்கும் பழங்களிம்பு வேறு. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் வேறு. முன்னையது பல வேளைகளில் விக்கிரகத்துக்குப் போர்வையாக இருப்பது. பின்னையது அதனை அரிக்கும் புண். இந்த வேறுபாட்டை நம் இளைஞர் ஒவ்வொருவரும் கண்ணால் கண்டறியப் பழக வேண்டும்.

நமக்கு இதிலே உள்ள அக்கறை சிறிதன்று. 1877ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையிலே, பொலனறுவைச் சிவாலயங்களில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்பொருட் பகுதியினர் கண்டெடுத்த திருவுருவங்கள் உள்ளன. நடராசப் பெருமானும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் அங்கே எழில் குன்றாமல் நிற்கிறார்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லிலே புதுக்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம், அவ்வுருவங்களைப் பற்றியும் சிவ வழிபாட்டின் தத்துவத்தைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1914ஆம் ஆண்டிலே கொழும்பு நூதனசாலை வெண்கலங்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் அழியாத முகத்தை, நாம் ஒரு நாள் அரைமணி நேரத்திலே தேய்த்து அழித்துவிடலாம். அதனாலேதான் இந்த விடயத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

மூன்று குணம்

உலோகத்தைப் பற்றும் மூலக்கூறுகள் எவை? தம்மிடம் பகிர்ந்து கொடுக்கக்கூடிய இலத்திரன் சோடிகளை உடையவை; பெரும்பாலும் நைதரசன், ஒட்சிசன், கந்தகம் ஆகிய அணுக்களைத் தாங்கியவை. உலோக அயனைச் சுற்றி இவை எவ்வாறு அமர்கின்றன என்பதை 1893ஆம் ஆண்டிலே அல்பிரட் வேர்ணர் விளக்கினார். 1913ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். ஒரே மூலக்கூறு இரண்டு மூன்று இடங்களில் உலோகத்தைக் கவ்விக்கொள்வதும் உண்டு. அதற்கு 1920ஆம் ஆண்டிலே அறிஞர் இருவர் பெயர் சூட்டியபோது, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே எடுத்தார்கள். நாமும் கொடுக்கிணைப்பு என்று சொல்லலாம்.

மின்வாயின் பரப்பிலே இத்தகைய மூலக்கூறு வந்து சேர்ந்தால் மூன்றில் ஒன்று நடக்கும். ஒன்று, உலோகத்தைக் கவ்விக்கொண்டு கரைசலுக்குள் போய்விடும். இரண்டு, தூரத்திலிருந்து உலோகத்தைச் சுமந்துவந்து பரப்பிலே இறக்கிவிட்டுப் போகும். மூன்று, கவ்விய இடத்திலேயே தங்கிக் காவல் நிற்கும். கொண்டுபோவது, கொண்டுவருவது, தங்கி நிற்பது: இந்த மூன்றையும் பிரித்தறிந்தால் பொருள் விளங்கிவிடும்.

முதற் குணத்தைத் தாய்மார் நன்கறிவார்கள். குத்துவிளக்கைத் துலக்கப் பழப்புளியை எடுப்பது ஏன்? புளியிலே தாத்தாரிக்கமிலம் உண்டு. தேசிக்காயிலே சித்திரிக்கமிலம் உண்டு. அமிலம் களிம்பைக் கரைக்கிறது. அமிலத்திலிருந்து பிறக்கும் மூலக்கூறு, கரைந்த செப்பு அயனைத் தன் கொடுக்கிலே பற்றிக்கொண்டு தண்ணீரோடு போய்விடுகிறது. விளக்குப் பொன்போல ஒளிர்கிறது. ஆனால் அந்த ஒளி, பரப்பிலே ஒரு சிறு படையைக் கொடுத்து வாங்கிய ஒளி. பித்தளையை நெடுநேரம் புளியிலே ஊறவைத்தால் மஞ்சள் நிறம் மங்கிச் செந்நிறம் தட்டுவதைப் பலர் கண்டிருக்கலாம். பித்தளை செம்பும் நாகமும் சேர்ந்தது. நாகம் முந்திப் போய்விட, செம்பு பின்னே தங்குவதால் வந்த நிறம் அது. புளியோடு உப்பையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு நன்றாகக் கழுவாமல் விட்டால், குளோரைட்டுப் பகைவனுக்கு நாமே கதவு திறந்து கொடுத்தவர்களாவோம்.

இன்னோர் உதாரணமும் வீட்டிலேயே உண்டு. பல நாள் எண்ணெய் மாற்றாத விளக்குத் தட்டிலே பச்சைநிறப் பிசுபிசுப்பு ஒன்று சேர்கிறதன்றோ? எண்ணெய் பழுதுபடும்போது அதிலிருந்து கொழுப்பமிலங்கள் பிரிகின்றன. அவை செம்பைப் பற்றிச் செப்புச் சவர்க்காரமாகின்றன. எண்ணெய்க் காப்பு நல்லதுதான். பழைய எண்ணெயைத் துடைக்காமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாத்துவது நல்லதன்று.

இரண்டாங் குணத்தைக் காணவேண்டுமானால் பொன் முலாம் பூசும் தொழிலைப் பார்க்கவேண்டும். நம் செட்டியார் தெருவின் நகைத் தொழிலோடு உறவுடைய இக்கலை, மின்னினாலே பூசும் முறையாக 1840ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே வளர்ந்தது. அதற்குப் பயன்பட்டது சயனைட்டு. அது பொன் அயனை மிக இறுக்கமாகப் பற்றும். அந்தக் கரைசலுக்குள் பாத்திரத்தைக் கதோட்டாக வைத்து மின் செலுத்தினால், பற்றியிருக்கும் பொன் அவசரமின்றி, ஒன்றன்பின் ஒன்றாகப் பரப்பிலே இறங்குகிறது. பிடி இறுக்கமாக இருப்பதாலேதான் முலாம் முரடாகாமல் மெல்லியதாகவும் ஒழுங்காகவும் அமைகிறது. பல்லக்குச் சுமப்போர் நிதானமாக நடந்தால் சுவாமி அசையாமல் வருவதுபோல என்று கொள்ளலாம். சயனைட்டோ கொடிய நஞ்சு. பயிற்சியும் பாதுகாப்பும் உள்ள தொழிற்கூடத்துக்கு வெளியே அதற்கு இடமே இல்லை.

இங்கே கோயிற் பணி செய்யும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பொன் அரிபடாத உலோகம் என்பதால், முலாம் பூசினால் அடியிலுள்ள செம்பும் காக்கப்படும் என்று எண்ணக்கூடாது. மெல்லிய முலாமிலே ஊசித்துளைகள் இருக்கும். சுற்றிலும் பரந்த பொன் கதோட்டாக, துளையின் அடியிலுள்ள சிறிதளவு செம்பு அனோட்டாகி, முன்னைவிட விரைவாக அரிபடும். முன்பே உள்ளே குளோரைட்டு இருந்தால் சொல்லவே வேண்டாம். நோயைத் தீர்க்காமல் நகை பூட்டினால் நோய் மறையுமா?

சென்னை கண்ட வழி

மூன்றாங் குணத்துக்குப் போகுமுன், நோயுற்ற வெண்கலத்துக்கு மின்னையே மருந்தாக்கிய கதையைச் சொல்லவேண்டும். 1824ஆம் ஆண்டிலே சேர் ஹம்பிறி டேவி, மரக்கப்பலின் அடியிலே பதித்த செப்புத் தகட்டோடு நாகத்தையோ இரும்பையோ இணைத்தால், அவை தாம் கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். செம்பு முழுவதையும் கதோட்டாக்கிவிட்டால் அது இலத்திரனை இழக்காது என்பதே இதன் கருத்து.

இதே கருத்தை விக்கிரகங்களுக்குப் பயன்படுத்தியதில் நம்மவருக்கும் பெரும் பங்குண்டு. சென்னை எழும்பூரிலுள்ள அரசாங்க நூதனசாலை 1851ஆம் ஆண்டிலே தோன்றியது. அங்கே வந்து சேர்ந்த சோழர் காலத் திருமேனிகளில் வெண்கல நோய் கண்டபோது, 1930ஆம் ஆண்டிலே அவற்றைக் காப்பதற்கென ஓர் இரசாயன ஆய்வுகூடம் ஏற்படுத்தப்பட்டது. அதற்குப் பொறுப்பாயிருந்தவர் கலாநிதி எஸ். பரமசிவன். மின்பகுப்பு முறையினாலே அரிபட்ட வெண்கலங்களுக்குச் சிகிச்சை செய்த அவரை, இத்துறையின் இந்திய முன்னோடி என்று போற்றுகிறார்கள். முறை இதுதான்: எரிசோடாக் கரைசலிலே விக்கிரகத்தைக் கதோட்டாகவும் இரும்புத் தகட்டை அனோட்டாகவும் வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்துவார்கள். குளோரைட்டு விக்கிரகத்தைவிட்டு வெளியேறி அனோட்டை நோக்கிச் செல்லும். களிம்பு தாழ்த்தப்பட்டு இளகும். விக்கிரகத்தின் பரப்பிலே எழும் ஐதரசன் குமிழிகள் அதனைத் தளர்த்தும்.

பல திருமேனிகள் இம்முறையாற் பிழைத்தன. ஆயினும் காலம் செல்லச் செல்ல அதன் குறையும் தெரிந்தது. நோயோடு நல்ல களிம்பும் போய்விடுகிறது. சிற்பியின் நுண்ணிய கீற்றும், மண்ணிலே கிடந்த காலத்தின் சான்றும் அந்தக் களிம்புப் படையிலேயே தங்கியிருப்பதுண்டு. ஆகவே இன்று அறிஞர்கள் இம்முறையை மிக அருமையாகவே கையாளுகிறார்கள். களைவதைவிட நிறுத்துவதே நன்று என்பது இக்காலக் கொள்கை.

தங்கி நிற்கும் மூலக்கூறு

நிறுத்துவதற்கு உதவுவதுதான் மூன்றாங் குணம். பென்சோதிரயசோல் என்று ஒரு சேர்வை உண்டு. அதன் மூலக்கூறிலே மூன்று நைதரசன் அணுக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. செம்பின் பரப்பை அடைந்ததும் அது ஒரு செப்பணுவை ஒரு கையாலும் அடுத்த செப்பணுவை மறுகையாலும் பற்றுகிறது. அவ்வாறே வரிசையாகத் தொடர்ந்து சங்கிலியாகிறது. இந்தச் சங்கிலி நீரிலே கரையாது. புளியிலுள்ள மூலக்கூறு செம்பைப் பற்றிக்கொண்டு ஓடியது. இதுவோ செம்பைப் பற்றியபடி அங்கேயே நிற்கிறது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நனோமீற்றர் எனப்படும். அத்தகைய சில கூறுகளே தடித்த படலமும் காவல் தொழிலைச் செய்யவல்லது. 1967ஆம் ஆண்டிலே மாட்சன் என்னும் அறிஞர் இதனைப் பழம்பொருட் காப்புக்கு எடுத்துரைத்தார். மதுசாரத்திலே 3 வீதமளவு கரைத்து, அதில் வெண்கலத்தை அமிழ்த்துவது வழக்கமாயிற்று.

கண்ணுக்குத் தெரியாத படலம் இருக்கிறதென்று எப்படி அறிவது? அதற்கும் மின்வாயே சாட்சி. செப்புத் தகடொன்றை உப்புநீரிலே மின்வாயாக வைத்து, அழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். வெறும் செம்பிலே மின்னோட்டம் விரைந்து ஏறும். அது செம்பு கரைகிறதென்பதன் அளவு. படலம் போர்த்த செம்பிலே அதே அழுத்தத்தில் மின்னோட்டம் மிகக் குறைந்து நிற்கும். அழுத்தத்தை மேலும் மேலும் உயர்த்தினால் ஒரு நிலையிலே படலம் கிழிந்து, மின்னோட்டம் திடீரென்று பாயும். மூலக்கூறு எவ்வளவு உறுதியாகப் பற்றியிருந்தது என்பதை அந்த நிலை சொல்லிவிடும்.

இம்மருந்துக்கும் எல்லை உண்டு. அமிலம் மிகுந்த இடத்திலே இம்மூலக்கூறு செம்பை நன்றாகப் பற்றாது. வெண்கல நோய் முற்றிய குழியின் அடியிலே இருப்பதோ அமிலமும் குளோரைட்டும். ஆகவே எங்கே மிக வேண்டுமோ அங்கேயே அது தளர்ந்துவிடுகிறது. உடல்நலத்துக்கும் அது முற்றிலும் ஏற்றதன்று, கையுறையின்றித் தொடலாகாது. இக்குறைகளை நோக்கி, 1988ஆம் ஆண்டிலே கனோர்க்கரும் பிற இந்திய ஆய்வாளரும் கந்தகமும் நைதரசனும் சேர்ந்த வேறொரு சேர்வையை முன்வைத்தார்கள். அண்மைக் காலத்திலே, உயிருடலில் இயற்கையாகவே உள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலமும் ஆராயப்படுகிறது. சிறந்த காவலனைத் தேடும் பணி இன்னும் முடியவில்லை. நம் இளைஞருக்கும் அங்கே இடம் உண்டு.

நாம் செய்யத்தக்கவை

இவ்வளவும் கேட்டபின், நடைமுறைக்கு என்ன என்று பெரியோர் கேட்பீர்கள். சில சொல்லி முடிக்கிறேன்.

நாள்தோறும் புழங்கும் விளக்கையும் செம்பையும் புளியாலே துலக்குவதில் பெருங் குற்றமில்லை. உப்புச் சேர்க்காமல் துலக்குங்கள். நல்ல தண்ணீரிலே பலமுறை கழுவுங்கள். அப்போதே துணியால் ஈரம் போகத் துடையுங்கள். துலக்கிய கையோடு ஈரமாகக் கவிழ்த்து வைப்பதே பாதிக் கேட்டுக்குக் காரணம்.

பழைய திருமேனிகள் வேறு. இளநீர், பால், தயிர், பஞ்சாமிர்தம் என்று அபிடேகம் செய்தபின், மடிப்புகளிலும் பீடத்தின் இடுக்குகளிலும் எதுவும் தங்காமல் நன்னீராட்டி, நன்கு உலர்த்துதல் வேண்டும். இது நம் ஆசாரத்துக்கும் ஒத்தது, இரசாயனத்துக்கும் ஒத்தது. கும்பாபிடேகம் நெருங்கும்போது எல்லாவற்றையும் பளபளக்கச் செய்யவேண்டும் என்ற ஆர்வத்திலே, கடுமையான அமிலத்தையோ சுழலும் இயந்திரத் தூரிகையையோ பழைய மூர்த்திகள்மேல் பயன்படுத்த இடங்கொடாதீர்கள். முகத்தின் புன்முறுவல் ஒரு மயிரிழைத் தடிப்பிலேயே இருக்கிறது, போனது திரும்பாது.

வெளிர்பச்சைத் தூள் கண்டால் சுரண்டாதீர்கள். அந்தப் பொருளை உலர்ந்த இடத்திலே வையுங்கள். ஈரப்பதன் 40 வீதத்தை ஒட்டிக் குறைந்தால் நோய் பெரிதும் அடங்கும் என்பது நூதனசாலைகளின் அனுபவம். பின்பு பழம்பொருட் காப்பிலே பயிற்சி பெற்றவர்களை நாடுங்கள். வழிபாட்டிலுள்ள மூர்த்தியானால் சிவாசாரியாரையும் தொழில் அறிந்த ஸ்தபதியையும் கலந்துகொள்ளுங்கள். மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட உருவம் எதுவானாலும், கழுவ முயலாமல் தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு சிறு வேலையும் தருகிறேன். உங்கள் கோயிலிலும் வீட்டிலும் உள்ள பழைய செப்பு, வெண்கலப் பொருள்களை, உரியவர்களின் அனுமதியோடு, ஆண்டுக்கொருமுறை ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்துத் தேதி குறித்து வையுங்கள். புள்ளி வளர்கிறதா, நிற்கிறதா என்பதை அடுத்த ஆண்டின் படம் சொல்லிவிடும். நோயை முன்னறிய இதனைவிட எளிய கருவி இல்லை, செலவும் இல்லை.

அன்பர்களே, பற்றும் மூலக்கூறுகள் எல்லாம் ஒன்றுபோலவே இலத்திரனை நீட்டிச் செம்பை அணுகுகின்றன. பற்றியபின் அதனைக் கொண்டு ஓடுவதா, இடத்திலே நின்று காப்பதா என்பதிலேதான் அவற்றின் வேறுபாடு. நம் கைக்கு எட்டிய பழம்பொருள் மேலே எதனைப் பூசப்போகிறோமென்றாலும், பூசுமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.